பேங்க்கைப் பெரிதாக்காதே

சூசாமிர் மேய்ச்சல் நிலம்
9 ஜூன் 2019

எல்னுரா,

உன் அக்கா உல்ஜான் எழுதுகிறேன். இதைப் பால் வண்டிக்கார ஷார்ஷென் அண்ணன் குதிரைப்பால் கேன்களோடு பிஷ்கெக் நகரத்துக்குக் கொண்டுவருவார். எங்கள் கூடாரம் இருக்கும் பள்ளத்தில் செல்போன் வெறும் கண்ணாடி. மேலே ஏறிப் பிடித்தாலும் ஒரு கோடுகூடக் காட்டாது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு இன்றுதான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். பிழை பார்த்துச் சிரிக்காதே. நம் வீட்டில் பட்டம் வாங்கியவள் நீ ஒருத்திதான்.

உனக்கு பேங்க்கில் வேலை கிடைத்ததை ஊர் முழுக்கத் தெரிந்துகொண்ட பிறகு கடைசி ஆளாக நான் தெரிந்துகொண்டேன். அம்மா ஆடு வெட்டினாளாம். எனக்கு எலும்புகூட வரவில்லை. ஷார்ஷென் அண்ணன் வண்டியை விட்டு இறங்காமலேயே கத்தினார்: "ஏய் உல்ஜான்! உன் தங்கச்சி பேங்க்ல உக்காந்துட்டாளாம்! இனிமே பாலுக்குக் காசு கேக்காத, அவகிட்ட வாங்கிக்க!"

உன் அத்தான் பக்கத்தில் குட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கயிற்றை விட்டுவிட்டு வந்தார்.

"எந்த பேங்க்?"

"எனக்குத் தெரியாது."

"தங்கச்சி வேலை பாக்குற பேங்க் தெரியாதா? நீயெல்லாம் ஒரு அக்கா!"

ஆனால் கை ஓங்கவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம். மே மாதம் நாங்கள் மேலே ஏறியபோது விழுந்த அடியில் என் இடது காது இன்னும் இரைகிறது. உனக்குச் சொன்னதில்லை. அம்மாவுக்குத் தெரியும். பேங்க் செய்தி வந்த மறுநாள் காலையில் அவர், "டீ குடிச்சியா?" என்று கேட்டார். மகள் செஸிமிடம் கேட்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னிடம்தான் கேட்டிருக்கிறார்.

லாரி வாங்கக் கடன் வேண்டுமாம். மச்சினி பேங்க்கில் இருக்கும்போது வட்டிக்காரனிடம் ஏன் போகவேண்டும் என்கிறார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பேங்க்கிலேயே இரு. அது போதும்.

உல்ஜான்


பிஷ்கெக்
20 ஜூன்

அன்புள்ள அக்கா,

எத்தனையோ தாள்களைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. நான் பேங்க்கில் வேலை பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறேன். காசு வைத்து. எங்கோ இருக்கும் ஒரு கூட்டம் என்னைப் போன்றவர்களுக்கு முதல் கொடுத்து, ஆடச் சொல்லித்தருகிறது. ஜெயிப்பதில் பாதி அவர்களுக்கு. இருப்பதிலேயே மிகச் சின்ன மேஜைகள்தான் எனக்கு. நம் நாட்டில் இது தடை செய்யப்பட்டது, அதனால் யாரிடமும் வாய் திறப்பதில்லை. கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு வேறு வேலை கிடைக்காதா என்று கேட்பாய். நேர்காணலுக்குப் போனேன். "கொஞ்சம் சத்தமாப் பேசும்மா" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். இரண்டாவது தடவையும் அதையே சொன்னார். மூன்றாவது தடவை என் குரல் வரவே இல்லை. கம்ப்யூட்டரில் யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

இந்த ஆட்டத்தில் எல்லாரும் பந்தயம் கட்டி மேஜை நடுவில் சேரும் காசுக்கு இங்கே பேர் "பேங்க்". அந்த பேங்க் எந்த அளவுக்கு வளரலாம் என்று பார்த்துப் பார்த்து ஆடுவதுதான் என் பிழைப்பு. மே மாதம் அம்மா போனில், "நாலு பேரு கேட்டா நான் என்னடி சொல்றது?" என்று அதட்டினாள். "பேங்க்கோட அளவைத் தீர்மானிக்கிற வேலைம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை அக்கா. "பேங்க்கையே நீதான் தீர்மானிக்கிறியா!" என்று கத்திக்கொண்டே போனைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அந்தம்மா என்னை வாழ்த்தினார். நான் நன்றி சொன்னேன்.

மேஜையில் உட்காரும்போது எவ்வளவு கையிருப்போடு உட்காருவது என்பது நம் இஷ்டம். மற்றவர்கள் ஐந்து டாலரோடு வருவார்கள். நான் இரண்டு டாலரோடு உட்காருவேன். அது நாலானால் எழுந்துவிடுவேன். வேறு மேஜையில் மறுபடி இரண்டு. எதிரே இருப்பவன் முன்னால் மலை மாதிரி குவிந்திருந்தாலும் நான் கொண்டுபோனதற்கு மேல் ஒரு காசு என்னிடமிருந்து எடுக்க முடியாது. என்னோடு அறையில் இருக்கும் லேரா சிரிக்கிறாள்: "நீ ஆட வந்தியா, வெங்காயம் வாங்க வந்தியா?"

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் காதுக்கு மருத்துவரைப் பார்த்தாயா?

எல்னு


சூசாமிர்
1 ஜூலை

எல்னுரா,

சொல்லாதே.

சொல்லியிருந்தால் இந்நேரம் எனக்குத் தெரிந்திருக்கும், என் முகத்திலேயே தெரிந்திருக்கும். ஆகையால் நீ சொல்லவில்லை. ஒரு தடவையாவது உன் வாய்ப்பூட்டு எனக்கு உதவியது.

உன் கடிதத்தைக் குதிரைகளுக்கு நடுவில் நின்று படித்தேன். உன்மேல் வந்த கோபத்தில் பால் வாளியை உதைத்துவிட்டேன். ஐந்து வருஷம் அப்பாவின் ஆடுகளை விற்றுப் படித்தவள் சீட்டாடுகிறாள். வெங்காயம் விற்றிருந்தால்கூட இவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். பிறகு வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். பாலைச் சிந்தியது யார் என்று உன் அத்தான் கேட்டார். "பெண்குதிரை உதைச்சிடுச்சு" என்றேன். "சரி விடு" என்றார். கேட்டாயா? சரி விடு! போன வருஷம் இதே மாதிரி சிந்தியபோது என்ன ஆனது என்று எழுதமாட்டேன்.

என்னை நல்லவளாக நினைத்து அவர் அடிக்காமல் இருக்கவில்லை. ஒரு லாரி என்னைக் காப்பாற்றுகிறது. உன் சீட்டாட்ட பேங்க், அம்மாவின் காது மந்தம், இரண்டும் சேர்ந்து எனக்குக் கொடுத்த லாரி. நீ அதைப் பிடுங்காதே.

போன குளிர்காலத்தில் செஸிமைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். ஒரு ராத்திரி தங்கவைத்தாள். காலையில் புதுத் தலைத்துணி ஒன்று கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பினாள். "எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான்டி" என்றாள். இனி அங்கே போகமாட்டேன். செஸிமுக்கு இந்தச் செப்டம்பரில் பள்ளிக்கூடம். போன வாரம் அவள் தன் பொம்மையை அடித்து, "ஏன் பதில் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை இங்கிருந்து எடுத்துவிட வேண்டும். மேய்ச்சல் முடிந்து கீழே இறங்குவதற்குள்.

உங்கள் ஆட்டத்தில் கையில் சீட்டே இல்லாதவள் என்ன செய்வாள்? எனக்கு அதைச் சொல்லிக்கொடு. மற்றதெல்லாம் வேண்டாம்.

உல்ஜான்


பிஷ்கெக்
9 ஜூலை

அக்கா,

எங்களுக்கு முதலில் சொல்லித்தந்ததே அதுதான்: சின்ன மேஜையில், நல்ல சீட்டு இருப்பதுபோல் பொய்யாட்டம் ஆடாதே. பெரிய மேஜையில் இருப்பவன் யோசிப்பான், பயப்படுவான், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்குவான். சின்ன மேஜைக்காரன் ஒதுங்கமாட்டான். "அப்படி என்னதான் வச்சிருக்க, பாத்துடறேன்" என்று கடைசிக் காசையும் கட்டிப் பார்ப்பான். அத்தான் அந்த ரகம் என்று நினைக்கிறேன். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்துவிடு.

நம்மிடம் சீட்டு இல்லை. விலகவும் முடியாது. அப்படியானால் பேங்க்கைச் சின்னதாகவே வைத்திருக்க வேண்டும். அவர் ஒன்று கேட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் பதில். நாமாகத் தொகை சொல்லக் கூடாது, தேதி சொல்லக் கூடாது, சந்தோஷமான செய்தி சொல்லவே கூடாது. நடுவில் கிடப்பது சொற்பமாக இருக்கும்வரை அதைத் திறந்து பார்த்தே தீரவேண்டும் என்ற வெறி யாருக்கும் வராது. தன் கையிருப்பில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய்விட்டால் மனுஷன் வேறு ஆளாகிவிடுவான். அதன்பின் அவன் சீட்டைப் பார்ப்பதில்லை, போட்ட காசைத்தான் பார்ப்பான்.

செப்டம்பர் தொடக்கத்தில், கடனுக்குக் கையெழுத்துப் போடக் கணவன் மனைவி இருவரும் பேங்க்குக்கு வரவேண்டும் என்று எழுதுகிறேன். நீ செஸிமோடு வா. வந்தபின் திரும்பவேண்டாம். அதற்குள் ஓர் அறை பிடித்துவிடுவேன். அத்தானிடம் காட்டுவதற்கு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

எல்னு

(காட்டும் தாள்)

மதிப்புக்குரிய குபாத் அத்தான் அவர்களுக்கு,

எல்னுரா எழுதிக்கொள்வது. வாகனக் கடன் குறித்த தங்கள் விருப்பம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. விஷயம் பரிசீலனையில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் அவசரப்படுத்த இயலவில்லை. அக்காவும் செஸிமும் தங்கள் நிழலில் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பணிவுடன்,
எல்னுரா


சூசாமிர்
21 ஜூலை

எல்னு,

உன் காட்டும் தாளை அவர் இதுவரை எத்தனை கூடாரங்களில் வாசித்தார் என்று கணக்கில்லை. "பரிசீலனை" என்ற வார்த்தை வரும் இடத்தில் மீசையைத் தடவிக்கொள்கிறார். சாப்பிட வருகிறாரா என்று நான் கேட்கப் போனால், "பரிசீலனையில் இருக்கு!" என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். செஸிமும் கற்றுக்கொண்டுவிட்டாள். முகம் கழுவச் சொன்னால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறாள். ரொம்ப நாளைக்குப் பிறகு நான் சிரித்தேன், கடைவாய்ப் பல் இல்லாத பக்கத்தை மூடிக்கொண்டு.

"தங்கள் நிழலில் நலமாக" என்று எழுதினாயே. அதை எப்படி எழுத மனசு வந்தது? நல்ல பொய்க்காரிதான் நீ.

ஆனால் அவருடைய தம்பி மக்சாத் நேற்று குமிஸ் குடிக்க வந்து, புளித்த குதிரைப்பால் தலைக்கேறியதும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அண்ணே, பேங்க்ல சேந்தவங்கள்லாம் முத நாளே வாசல்ல நின்னு போட்டோ போடுவாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணும் போடலயே?"

"கூச்ச சுபாவம்" என்றேன் நான்.

"உன்னைக் கேக்கல" என்றார் உன் அத்தான்.

மக்சாத் போனபின் என்னிடம், "ஒரு போட்டோ கேட்டு எழுது. எனக்குச் சந்தேகம்லாம் இல்ல, சும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் என் ஜடையைக் கையில் சுற்றிக்கொண்டு கேட்டார்.

நீ சொன்ன கணக்குப்படி இதற்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பார்த்துச் செய்.

உல்ஜான்


பிஷ்கெக்
1 ஆகஸ்ட்

அக்கா,

என் கணக்குப்படி போட்டோ அனுப்பக் கூடாது. தலைமை அலுவலகத்தில் அனுமதி இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அதுதான் சின்னப் பதில். எட்டு மேஜைகளில் ஒரே நேரத்தில் ஆடும்போது ஒரு மேஜையில்கூட இந்தத் தப்பு செய்யமாட்டேன். ஆனால் உன் ஜடை என்று படித்ததும் கணக்கை விட்டுவிட்டேன்.

லேராவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரிய பேங்க் வாசலில் நின்றேன். கோட்டின் கை நீளம், விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. நான் நிற்க நிற்க அந்தக் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து திறந்து மூடியது. காவலாளி எட்டிப் பார்த்தார். "உள்ள வர்றியா, போறியாம்மா? கதவு கிறுக்குப் பிடிச்சிடும்." நான் விரல் நுனியையும் கோட்டுக் கைக்குள் இழுத்துக்கொண்டேன். லேராதான் எதிர்ப்பக்கத்திலிருந்து, "பாவம் தாத்தா, ஒரு போட்டோ, ஊருக்கு அனுப்பணும்!" என்று கத்தினாள். அவர் சிரித்துவிட்டார். எனக்கு உதவி செய்வதாக நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு லேசாகக் குனிந்து நின்றார். அந்த நொடியில் லேரா எடுத்துவிட்டாள்.

படத்தைப் பார். எனக்காகக் கதவைத் திறந்து ஒருவர் வணங்குகிற மாதிரி இருக்கிறது. நான் மேலாளர் மாதிரி இருக்கிறேன். வேறு எடுக்கலாம் என்றேன். "இதைவிட நல்லா வராதுடி" என்றாள் லேரா. அதனால்தான் பயமாக இருக்கிறது. ஒரு காசு போட வேண்டிய இடத்தில் முழுக் கையிருப்பையும் நடுவில் தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருக்கிறேன்.

கடிதத்தை ஷார்ஷென் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கலாமா என்று அவர் வண்டி முனை திரும்பும்வரை நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். சத்தமாகக் கூப்பிட வேண்டியிருந்தது.

எல்னு


சூசாமிர்
12 ஆகஸ்ட்

எல்னுரா,

உன் படத்தைக் கூடாரத்து நடுக்கட்டையில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். வருகிறவர்களெல்லாம் அதன் முன்னால் நிற்கிறார்கள். மக்சாத் தலையைச் சொறிந்துகொண்டு, "காவலாளியே குனியிறான்னா பெரிய எடம்தான்" என்றான்.

மறுநாள் உன் அத்தான் சிவப்புப் பொலிகுதிரையை விற்றார். ஒரு லாரிக்கு அல்ல, இரண்டு லாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாவது மக்சாத்துக்காம். வருகிற வழியெல்லாம் எல்லாரையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார், கீழே இறங்கும் அன்று. குதிரை வெட்டப் போகிறார். எனக்குத் தலைத்துணி வாங்கிவந்தார், செஸிமுக்கு மணி வைத்த செருப்பு. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தட்டினார். அந்தக் கை முதுகில் படும்போது என் உடம்பு தானாகச் சுருங்கியது. அதையும் அவர் பார்த்தார்.

பேங்க் பெரிதாகிவிட்டது எல்னு. நீதான் பெரிதாக்கினாய். சொல்லிக்கொடுத்தவளே செய்துவிட்டாள். எனக்கு உன்மேல் கோபமில்லை என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன். கோபம் இருக்கிறது.

கையெழுத்துக்கு இருவரும் போகவேண்டும் என்றேன். "நீ எதுக்கு? மச்சினி இருக்கா, நானே பேசிக்குவேன். குதிரைக்கு யாரு பால் கறக்குறது, உங்கம்மாவா?" என்றார். இறங்கிய மறுநாள் அவர் மட்டும் உன் பேங்க்குக்கு வருகிறார். அந்தக் கதவுக்கு.

உல்ஜான்


பிஷ்கெக்
17 ஆகஸ்ட்

அக்கா,

உனக்கு என்மேல் இருக்கும் கோபம், எனக்கே என்மேல் இருப்பதில் பாதிகூட இல்லை. அதைப் பிறகு பேசுவோம்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் செஸிமைத் தூக்கிக்கொண்டு அதே வண்டியில் ஏறிவிடு. எதையும் எடுக்காதே. பாலைப் பாத்திரத்தில் விட்டுவிட்டு வா. ஷார்ஷென் அண்ணனிடம் நேரில் பேசிவிட்டேன். வேர்த்துவிட்டது, ஆனால் பேசினேன். "ஏத்திக்கிறேன். ஆனா எனக்கும் அந்தப் பள்ளத்துல பிழைப்பு இருக்கும்மா" என்றார். ஏற்றிக்கொள்வார்.

இத்தனை வருஷம் அங்கே கொடுத்ததை நினைக்காதே. மேஜை நடுவில் போய்விட்ட காசு நம்முடையது இல்லை. "இவ்வளவு போட்டுட்டேன், இனி எப்படி எழுந்திருப்பேன்" என்று உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் காசில்தான் நான் சாப்பிடுகிறேன்.

அறை பிடித்துவிட்டேன். சந்தைக்குப் பின்னால், கீழ்த்தளம். ஜன்னல் சின்னது. வந்துவிடு.

எல்னு


சூசாமிர்
24 ஆகஸ்ட்

எல்னு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவளை உள்ளே கூப்பிட்டு முதலில் ஏதாவது சாப்பிடக் கொடு. மலைப்பாதையில் அவளுக்குக் குமட்டும்.

நானும் வண்டியில் ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கிருந்து போவதற்கு ஒரே பாதை, மலையைக் குடைந்த ஒரே சுரங்கப்பாதை. பால் கறக்கும் நேரத்தில் நான் இல்லையென்றால் குபாத் உடனே குதிரை ஏறுவான். வண்டி கூடாரம் கூடாரமாக நின்று பால் ஏற்றும், சுரங்கப்பாதைக்கு முன்பே பிடித்துவிடுவான். என்னோடு அவளும் திரும்பி வருவாள். அவன் தேடுவது என்னைத்தான். குழந்தையை அவன் எண்ணுவதே இல்லை.

அதனால் நானே அவனிடம் போய்க் கேட்டேன். "பேங்க்காரங்க பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல எல்னுரா இடம் வாங்கியிருக்கா. செஸிமை அனுப்பட்டுமா?"

"அங்க நம்ம பிள்ளையச் சேப்பாங்களா?"

"அவ சொன்னா சேப்பாங்க."

படத்தைப் பார்த்தான். நிமிர்ந்துகொண்டான். "அனுப்பு. குபாத்தோட மக நகரத்துல படிக்கட்டும்" என்றான். அவனே அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான், ஷார்ஷெனிடம் மெதுவாக ஓட்டச் சொன்னான். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. கெட்டவன் எப்போதும் கெட்டவனாகவே இருந்தால் எவ்வளவு சுலபம்.

நம்மிடம் இருந்தது ஒரே ஒரு பொய். அதை வைத்து ஒன்றுதான் வாங்க முடியும். நான் வாங்கிவிட்டேன்.

அவன் நகரத்துக்கு வரமாட்டான். அதற்கு முன்னால் நீ பேங்க்கில் இல்லை என்று நானே சொல்லிவிடுவேன், விருந்தில், எல்லாரும் இருக்கும்போது. தனியாக இருக்கும்போது சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அறையின் விலாசத்தை அம்மாவுக்குச் சொல்லாதே. எனக்கும் எழுதாதே. எனக்குத் தெரிந்தால் சொல்லிவிடுவேன், வலி தாங்காது. உன் கடிதத்தை ஷார்ஷென் கையில் மட்டும் கொடு.

இந்தக் குழந்தையின் பங்கை மேஜையிலிருந்து எடுத்துவிட்டேன். மீதி நான்தான். உங்கள் ஆட்டத்தில் அப்படிச் செய்யலாமா?

உல்ஜான்


பிஷ்கெக்
29 ஆகஸ்ட்

அக்கா,

செய்யக் கூடாது. எங்கள் ஆட்டத்தில் அது திருட்டு. கொஞ்சத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மீதியோடு ஆட முடியாது. முழுவதையும் எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுவதோடும் உட்கார்ந்திருக்க வேண்டும். நீயும் எழுந்திரு.

விருந்தில் சொல்லாதே. கூட்டம் கலைந்துவிடும் அக்கா. குமிஸ் தீர்ந்ததும் எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள், நீயும் அவரும் மட்டும் இருப்பீர்கள். நான் வருகிறேன். நான் சொல்கிறேன். அவர் முன்னால் நின்று சத்தமாகச் சொல்வேன், பயிற்சி செய்திருக்கிறேன். லேரா சாட்சி. செஸிமை அவளிடம் விட்டுவிட்டு முதலாம் தேதி வண்டியில் ஏறுகிறேன். அதுவரை பொறு.

நேற்று அவளுக்குப் பை வாங்கினோம். யாராவது கதவைத் தட்டினால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறாள். கூப்பிட்டால் வருகிறாள். பள்ளியில் சேர்க்கப் போனபோது பேரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். எனக்கு வராதது அவளுக்கு வருகிறது.

எல்னு


ஜும்கால்
செப்டம்பர்

எல்னு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. மக்சாத்தின் பெண்டாட்டி கட்டிவிட்டாள்.

உன் கடிதம் விருந்துக்குப் பிறகு வந்தது. மழைக்குப் பயந்து முன்பே கீழே ஜும்காலுக்கு இறங்கிவிட்டோம். நீ வந்திருந்தால் அங்கே வெறும் புல்தான் பார்த்திருப்பாய். வந்தாயா?

எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் எழுந்து நின்று சொன்னேன். என் தங்கை பேங்க்கில் இல்லை என்று. முதலில் சிரித்தார்கள். "படம் இருக்கே!" என்றான் குபாத். "காவலாளி இரக்கப்பட்டுக் கதவைப் பிடிச்சாரு" என்றேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் ஒருவர், "குடும்ப விஷயம், நாம கெளம்புவோம்" என்றார். நீ சொன்ன மாதிரியே.

செஸிம் எங்கே என்று கேட்டான். தெரியாது என்றேன். அது உண்மை. உண்மையாக இருந்ததால் எத்தனை தடவை கேட்டும் ஒரே பதில் வந்தது.

அம்மா வந்தாள். தலைத்துணி கொண்டுவரவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் சரியாக் கேட்டிருக்கலாம்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை.

வருவேன் என்று எழுதமாட்டேன். வரமாட்டேன் என்றும் எழுதமாட்டேன்.

செஸிம் ராத்திரியில் என்னைத் தேடி அழுகிறாளா? அழுதால் எழுது. அழவில்லை என்றால், அதை மட்டும் எனக்கு எழுதிவிடாதே.

உல்ஜான்